கைநாட்டு வைத்த ஏழு பேர் ஆடிய ஆட்டம்

என் தங்கச்சி ரூத்துக்கு,

உன்னோடு மனம்விட்டுப் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதில் முதல் வருஷம் நீ உயிரோடுதான் இருந்தாய், நம் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. பேசாமல் இருந்தது நான். இப்போது நீ கேட்க முடியாத இடத்துக்குப் போன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். வேறு யாராவது என்றால் திட்டுவார்கள். நீ திட்டமாட்டாய். "இப்பவாவது வந்தியே" என்றுதான் சொல்வாய்.

நீ போய் ஒரு வருஷம் முடிகிறது. எங்கள் சங்கத்தின் மாத இதழுக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். மூன்று முறை எழுதினேன். மூன்றும் மேடைப் பேச்சு மாதிரியே வந்தது. 'மக்கள் கலையின் மங்காத சுடர்' என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். நீ அதைப் படித்தால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வாய் என்று நினைத்துப் பார்த்ததும் கிழித்துப் போட்டேன். அதனால்தான் கடிதம். மற்றவர்களும் படிக்கட்டும். நான் செய்ததையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

உன்னை அறியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நாம் ஆரம்பாக்கத்துக்காரர்கள். நைனா அங்கே அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். அவர் காலமான பிறகு அம்மா நம் இருவரையும் கூட்டிக்கொண்டு மீஞ்சூருக்கு வந்து ஓர் அரிசி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். நானும் பதினெட்டு வயதில் அதே ஆலையில் அரவை இயந்திரத்தின் முன்னால் நின்றேன். பிறகு சங்கம், செயலாளர் பதவி. உன்னை மட்டும் படிக்க வைத்தோம். நீ ஆசிரியைப் பயிற்சி முடித்து, பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஆனாய்.

நீ ஆடக் கற்றது மெட்ராசில். அறுபதுகளின் கடைசியில் சனிக்கிழமைதோறும் பாசஞ்சர் வண்டியில் போவாய். ஒரு பெரிய வீட்டின் பின்பக்கம், கார் நிறுத்துகிற கொட்டகையில் ஓர் அம்மையார் புது மாதிரி நடனம் சொல்லிக்கொடுத்தார். சாமி கதை இல்லை, நாயகன் நாயகி இல்லை. பஞ்சம், ஆலை, போர் என்று இந்தக் காலத்து விஷயங்களை உடம்பால் சொல்கிற நடனம். மூன்று வருஷம் விடாமல் போனாய். பிறகு ஒருநாள் நின்றுவிட்டாய்.

ஏன் நின்றாய் என்பதை நீ அம்மாவிடம் சொல்லிச் சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்று நடும் பெண்களாக நீங்கள் ஐந்து பேர் ஆட வேண்டும். அழகாக வளைந்து, அழகாக நிமிர்ந்து, வானத்தைப் பார்த்துப் புன்னகைக்க வேண்டும்.

"நாத்து நடறவ எவம்மா வானத்த பார்த்து சிரிக்கிறா? இடுப்ப புடிச்சிக்கினு இல்ல நிமிருவா?" என்றாய்.

அந்த அம்மையாரிடமும் இதைச் சொன்னாயாம். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தும் காட்டினாயாம். அது நடனம் இல்லையம்மா, அது வேலை என்றாராம் அவர். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னார் என்று நீ அடிக்கடி சொல்வாய். அவரை ஒருநாளும் நீ குறைத்துப் பேசியதில்லை. வேலை எங்கே முடிகிறது, ஆட்டம் எங்கே ஆரம்பிக்கிறது என்று யார் கோடு போட்டார்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாய். என்னிடமும் கேட்டாய். எனக்கு அப்போது அது வெட்டிக் கேள்வியாகத்தான் பட்டது.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆலைக் களத்தின் மதில் ஓரமாக வந்து நிற்பாய். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி, பெண்கள் வரிசையாக நின்று காலால் கிளறிவிடுவார்கள். வெயிலில் சிமெண்டுத் தரை கொதிக்கும். குதிகாலைத் தூக்கிக்கொண்டு, விரல்களால் நெல்லில் கோடு கிழித்தபடி ஒரு கோடிக்குப் போய், திரும்பி, மறுபடி வருவார்கள். நான் சிறுவயதிலிருந்து பார்த்த காட்சி. ஆனால் யார் எந்தக் காலை முதலில் இழுக்கிறார்கள், வெயில் ஏற ஏறப் பாதம் எப்படிச் சாய்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிற அளவுக்குப் பார்த்தது நீ ஒருத்திதான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஓர் ஆட்டம் போட்டுக் கொடு என்று கேட்டிருந்தேன். கடைசியில் எல்லோரும் கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்திருந்தேன். நீ மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாய்.

"கொடி புடிக்கிறது சுளுவுண்ணா. இவங்க நடக்கிறாங்க பாரு, அதான் கஷ்டம்."

அந்தச் சமயத்தில்தான் அஞ்சலை இறந்தாள்.

அஞ்சலை எளாவூர்ப் பக்கத்திலிருந்து மீஞ்சூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். இருபத்தாறு வயது. இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடப்பாள். அதை வைத்தே தூரத்தில் வருவது அவள்தான் என்று சொல்லிவிடலாம். ஆலையில் நெல் ஊறவைக்கிற தொட்டியில் கொதிநீர் நிற்கும். அதன் மேலே குறுக்காக ஒரு பலகை. பெண்கள் தலையில் நெல்கூடையோடு பலகையில் நடந்து போய், நடுவில் நின்று கொட்டிவிட்டு வர வேண்டும். ஆவியில் பலகை எப்போதும் ஈரமாகவே இருக்கும். பிடித்துக்கொள்ள ஒரு கம்பியாவது போடுங்கள் என்று அவர்கள் எத்தனையோ முறை கேட்டிருந்தார்கள். அவசரநிலை வந்த அந்த வருஷம், ஒரு காலைப் பொழுதில் அஞ்சலை வழுக்கி உள்ளே விழுந்தாள். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து உயிரை விட்டாள்.

விசாரணைக்கு ஆள் வருவதற்கு முன்பே மேஸ்திரி ஒரு காகிதத்தோடு வந்தார். அஞ்சலைக்கு வலிப்பு நோய் உண்டு, வலிப்பு வந்துதான் விழுந்தாள் என்று அதில் எழுதியிருந்தது. அன்று அவளோடு கூடை சுமந்த ஏழு பெண்களும் அதில் கைநாட்டு வைத்தார்கள். ஏழில் ஒன்று நம் அம்மாவின் பெருவிரல்.

நான் சங்கக் கூட்டத்தில் அந்த ஏழு பேரையும் எழுப்பி நிற்க வைத்தேன். செத்தவளுக்குச் செய்த துரோகம் என்றேன். கோழைகள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஏழு ஊட்ல அடுப்பு எரியணும்டா சாமுவேலு. உன்ன தூக்கினா சங்கம் இருக்குது. எங்கள தூக்கினா யாரு கீறாங்க?"

நீ மூலையில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாய். யார் பக்கமும் பேசவில்லை. உனக்கும் பயம் என்று அன்று நினைத்தேன்.

அடுத்த சில மாதங்களில் மாநில ஆட்சியைக் கலைத்தார்கள். கைதுகள் ஆரம்பமாயின. எங்கள் சங்க அலுவலகத்துக்குப் பூட்டுப் போட்டார்கள். நான் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி எளாவூருக்குப் போனேன். கல்கத்தா ரோட்டில் செக்போஸ்டுக்குப் பக்கத்தில் லாரி பழுதுபார்க்கிற ஷெட்டில், தெரிந்த ஒருவர் தயவில், வேறு பெயரில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆபத்து என்றால் ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட வசதி என்று கணக்கு. சொல்லப்போனால் அங்கே நான் செய்த அரசியல் ஒன்றுமில்லை. ஒளிந்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்த மாதங்களில் மீஞ்சூரில் நீ செய்ததெல்லாம் பின்னால் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அந்த ஏழு பேரையும் வீட்டுக்கு அழைத்தாயாம். அஞ்சலை பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்கள் என்பதால் அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

"அவ எப்டி நடப்பா? அத்த மட்டும் காட்டுங்க, போதும்" என்றாயாம்.

முதல் நாள் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இரண்டாவது வாரம் அம்மாதான் எழுந்தாள். இடது பாதத்தைத் திருப்பி வைத்து நாலு அடி நடந்தாள். அப்படி இல்லை, இன்னும் கொஞ்சம் அழுத்துவாள் என்று ஒருத்தி திருத்தினாள். திரும்பும்போது கழுத்து அசையாது என்று இன்னொருத்தி காட்டினாள். யாரும் அழச் சொல்லவில்லை, அழுதார்கள். அழுதுகொண்டே நடந்தார்கள். வாய் சொல்லப் பயந்ததைக் கால் சொல்ல ஆரம்பித்தது. பலகை எங்கே ஈரமாக இருந்தது, அவள் எந்த இடத்தில் கொஞ்சம் நின்றாள், கூடை எந்தப் பக்கம் சாய்ந்தது, பின்னால் வந்தவள் கை எப்படி நீண்டு எட்டாமல் போனது, எல்லாம் வந்ததாம், நம் வீட்டு மண்தரையில்.

நான் கூட்டத்தில் அவர்களைத் திட்டி வாங்க முடியாத உண்மையை நீ எப்படி வாங்கினாய் ரூத்து? நான் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனாலா?

நம் சபைக் கோயிலில் அறுப்பின் பண்டிகை வந்தது. போதகரிடம் போய்ப் பதினைந்து நிமிஷம் கேட்டு வாங்கினாய். நெல்லுக்கு நன்றி சொல்கிற பண்டிகையில் நெல் அவிக்கிறவர்கள் ஆடுவது பொருத்தம்தானே என்றாயாம். அந்த நாளில் நாலு பேர் கூடினாலே போலீசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஏட்டு வந்து பாட்டையும் வசனத்தையும் எழுத்தில் கேட்டார். பாட்டு கிடையாது, வசனம் கிடையாது, முறத்தில் தட்டுகிற சத்தம் மட்டும்தான் என்றாய். அவர் யோசித்துவிட்டு, 'பாட்டு இல்லை, வசனம் இல்லை, ஆட்சேபம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். போதகர் அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறார். போன மாதம் என்னிடம் காட்டினார்.

அன்று நான் வந்திருந்தேன். நீ கடைசிவரை நம்பவில்லை, ஆனால் வந்திருந்தேன். தாடி வளர்த்து, தலையில் துண்டு கட்டி, ஒரு செங்கல் லாரியில் ஏறி மீஞ்சூரில் இறங்கினேன். சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில், கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். மாலை நாலு மணி வெயில். முன்வரிசையில் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் நம் ஆலை முதலாளி. வருஷா வருஷம் பண்டிகைக்கு அரிசி மூட்டை கொடுக்கிறவர் என்ற மரியாதை.

மேடை இல்லை. கோயில் முற்றத்தில் நெல்லைப் பரப்பியிருந்தாய். ஏழு பெண்களும் வேலைக்குக் கட்டுகிற புடவையில் வந்தார்கள். நீ ஓரமாக உட்கார்ந்து முறத்தைத் தட்டினாய். அவர்கள் வரிசையாக நெல்லைக் காலால் இழுத்துக்கொண்டு போனார்கள், திரும்பினார்கள், வந்தார்கள். ஆரம்பத்தில் சனங்கள் சிரித்தார்கள். இதைத்தான் தினம் பார்க்கிறோமே என்று என் பக்கத்தில் ஒருவர் சொன்னார். நாலைந்து முறை போய் வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. தினம் பார்க்கிறோம், ஆனால் இவ்வளவு நேரம் யாரும் நின்று பார்த்ததில்லை.

பிறகு தரையில் இரண்டு கயிற்றைப் பக்கத்துப் பக்கத்தில் நீளமாகப் போட்டார்கள். ஆலையில் வேலை செய்த யாருக்கும் அது பலகை என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொருத்தியாகத் தலையில் வெறும் கூடையோடு அந்தக் கயிறுகளுக்கு நடுவில் நடந்தாள். ஏழு பேரும் இடது பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து நடந்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர், "அஞ்சல" என்று முணுமுணுத்தார்.

நான் விழப்போகிறார்கள் என்று காத்திருந்தேன். ஒரு அலறல், ஒரு விழுகை, பிறகு கை ஓங்கி நிற்பது. நானாக இருந்தால் அப்படித்தான் போட்டிருப்பேன். யாரும் விழவில்லை. நடுவில் அந்த இடம் வந்ததும் முதலில் போன அம்மா நின்றாள். தூக்கிய கால் தூக்கியபடி. பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். நீ முறத்தைத் தட்டுவதை நிறுத்தினாய்.

எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று தெரியாது. அம்மாவின் கெண்டைக்கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் தலையைத் திருப்பி முதலாளியைப் பார்த்தார். முதலாளி நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மா அந்தக் காலைப் பின்னால் வைத்து, கூடையை இறக்கித் தரையில் வைத்தாள். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் வைத்தார்கள். முடிந்துவிட்டது.

கைதட்டல் இல்லை. யாருக்கும் தட்டத் தோன்றவில்லை. இன்ஸ்பெக்டர் உன்னைக் கூப்பிட்டு, இதுக்கு இன்னாம்மா அர்த்தம் என்று கேட்டார்.

"பார்த்தீங்களே சார். அதான்" என்றாய்.

நான் யாரும் கவனிப்பதற்குள் வெளியேறினேன். எளாவூர் போகிற வழியெல்லாம், கடைசியில் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாமே, ஒரு கோரிக்கையாவது வைத்திருக்கலாமே என்று உன் மேல் மனத்தாங்கலாகவே இருந்தது. இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அன்று நான் நெகிழ்ந்துபோனேன், ஆனால் உன்னைப் புரிந்துகொள்ளவில்லை.

திங்கட்கிழமை காலை ஆலையில் நடந்ததை ஊரே சொல்லும். அம்மா கூடையோடு பலகையில் ஏறினாள். நடுவில் போய் நின்றாள். பின்னால் ஆறு பேரும் நின்றார்கள். முன்கூட்டிப் பேசி வைத்தது இல்லை என்று அம்மா சத்தியம் செய்கிறாள். கால் தானாக நின்றது, நின்ற பிறகுதான் எனக்கே தெரிந்தது என்கிறாள். திரும்பி இறங்கிக் கூடையைக் கீழே வைத்தார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. மேஸ்திரி கத்தினார், வேலையை விட்டுத் தூக்குவேன் என்றார். ஏழு பேரும் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்கள். மத்தியானத்துக்குள் களத்தில் இருந்தவர்களும் வந்து உட்கார்ந்தார்கள். நாலாம் நாள் பலகைக்கு இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி வைத்தார்கள்.

அவசரநிலையில், சங்கத்துக்குப் பூட்டுப் போட்டிருந்த நேரத்தில், செயலாளர் ஒளிந்திருந்தபோது, நடந்தது இது.

உனக்குத்தான் வேலை போனது. பள்ளிக்கூட நிர்வாகம் எழுத்தில் காரணம் எதுவும் தரவில்லை. அடுத்த வருஷத்துக்கு உன் பெயர் பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். நீ தையல் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு, நாலு தெரு தள்ளி ஒரு அறையில் குடியேறினாய். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களை மட்டும் விடவில்லை.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

எழுபத்தேழில் தேர்தல் வந்தது. நான் வெளியே வந்தேன். மாலை போட்டார்கள். மீஞ்சூரில் பெரிய பொதுக்கூட்டம் ஏற்பாடானது. உன் ஆட்டத்தைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை என்பதால், உன்னைக் கேட்காமலே நோட்டீசில் போட்டுவிட்டேன். கேட்டால் மறுக்கவா போகிறாய் என்று நினைத்தேன். நீ மறுத்தாய். இது மேடையில் வைக்கிற ஆட்டம் இல்லையண்ணா, பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறது என்று பொறுமையாகச் சொன்னாய். தேர்தல் முடியட்டும், அப்புறம் வேறு ஒன்று செய்வோம் என்றுகூடச் சொன்னாய். நான் கேட்கவில்லை. நீ இல்லாமலே அந்தப் பெண்களை அழைத்துப் போனேன். சங்கத்துக்காக என்று கெஞ்சினேன். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மற்ற ஆறு பேரும் எனக்காக வந்தார்கள்.

உயரமான மேடை. ஒலிபெருக்கியில் பாட்டு. நெல் இல்லை, மேடைப் பலகை மேலே நெல் கொட்டினால் வழுக்கும் என்று வேண்டாம் என்றுவிட்டார்கள். கடைசியில் கொடி என்று நான் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர்கள் கூடையோடு நடந்து வந்து நடுவில் நின்றார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைவரின் கார் வந்தது. கூட்டம் எழுந்தது. பட்டாசு வெடித்தது. மேடையில் இருந்த தொண்டர் ஒருவர், "போதும்மா, எறங்குங்க எறங்குங்க" என்று அவர்களை ஓரத்துப் படிக்குத் தள்ளினார். மைக் என் கையில்தான் இருந்தது. நான் தலைவரை வரவேற்று முழங்கிக்கொண்டிருந்தேன். ஆறு பெண்களும் தலையில் கூடையோடு இருட்டில் படி இறங்கிப் போனதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே முழங்கினேன்.

மறுநாள் நீ வீட்டுக்கு வந்தாய். சண்டை போடுவாய் என்று தயாராக இருந்தேன். நீ வாசலிலேயே நின்றாய்.

"அவங்க நிக்கிறாங்க இல்ல, அதாண்ணா ஆட்டமே. அந்த எடத்தத்தான் நீ எடுத்து தலைவருக்குக் குடுத்துட்ட."

நான் உரக்கக் கத்தினேன். ஆட்சி மாற்றம் முக்கியமா, உன் ஆட்டம் முக்கியமா என்றேன். கலைஞர்களுக்குத் தலைக்கனம் என்றேன். உன் வேலை போனதற்கு நானா காரணம் என்று, நீ கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் போனாய். அதன்பிறகு ஒரு வருஷம். தெருவில் எதிரே வந்தால் நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போவேன். நீ நின்று பார்ப்பாய். முதுகில் அது தெரியும்.

நான் பேசாமல் இருந்தது கோபத்தால் இல்லை ரூத்து. நீ சொன்னது சரி என்று அன்று ராத்திரியே எனக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் காரணம்.

மஞ்சள் காமாலை என்று முதலில் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். மெட்ராசுக்கு எடுத்துப் போனபோது முற்றியிருந்தது. நான் வந்தபோது உன் கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு வந்தேன். ஆயிரம் பேர் முன்னால் பேசுகிறவனுக்கு உன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம் வரவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று நீதான் கேட்டாய். பிறகு, என் கையைப் பிடித்துக்கொண்டு, விளையாட்டாகச் சொல்கிற மாதிரி சொன்னாய்.

"நீ ஒரு வாட்டி அவங்க கூட நடந்து பாருண்ணா. பேசறதுக்கு முன்னாடி."

சரி என்றேன். சும்மா ஆறுதலுக்குத்தான் சொன்னேன். பத்து நாளில் நீ போய்விட்டாய். உனக்கு முப்பத்திரண்டு வயது.

இங்கே இப்போது நடப்பதைக் கேள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன. நிலத்தை அளந்துகொண்டிருக்கிறார்கள். நைனா உழுத வயலுக்குப் பக்கத்திலேயே சங்கிலியை இழுத்துக்கொண்டு ஆட்கள் போவதைப் போன மாதம் பார்த்தேன். நிலம் வைத்திருந்தவர்களுக்குக் காகிதம் வந்திருக்கிறது. அதில் கூலிக்கு உழைத்தவர்களுக்கு ஒரு காகிதமும் வரவில்லை. ஆரம்பாக்கத்துப் பெண்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். மனு எழுதத்தான் வந்திருக்கிறார்கள் என்று பேனாவை எடுத்தேன். மனு அப்புறம், முதலில் உங்கள் அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

ஆமாம், அம்மாதான் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளை நடத்துகிறாள். முட்டி வலியோடு. அளக்கிறவன் எப்படி நடப்பான், நடவு நடுகிறவள் காலுக்கு நடுவில் சங்கிலி வந்தால் அவள் என்ன செய்வாள் என்று அவர்களைக் கேட்கிறாள். எனக்கும் அவளுக்கும் இதில் தகராறுதான். இது அதிகாரிகளுக்கு எப்படிப் புரியும் என்று கேட்டேன். மொதல்ல நமக்குப் புரியட்டும்டா என்றாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருத்தி வரவில்லை. வரிசையில் இடம் காலியாக இருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் நின்றேன். நாற்பது வயதில், அத்தனை பெண்களுக்கு முன்னால். குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நகர வேண்டும். கால்மணி நேரத்தில் இடுப்பு விட்டுப்போயிற்று. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஏன் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, நீங்கள் நிமிர்ந்தது சரியாக இருந்தது என்றார்கள்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அஞ்சலையின் விசாரணைக் காகிதத்தில் இன்றும் வலிப்பு என்றுதான் இருக்கிறது. அதை மாற்றச் சொல்லி ஏழு பேரும் புதிதாக ஒரு மனுவில் கைநாட்டு வைத்துக் கொடுத்தார்கள். பதில் இல்லை. உன் ஆட்டம் பலகைக்குக் கம்பி வாங்கிக் கொடுத்தது; காகிதத்தில் ஓர் எழுத்தைக்கூட அசைக்கவில்லை. ஆட்டத்தால் எது முடியும், எது முடியாது என்று நீ இருந்தால் சொல்வாயா? இல்லை, அதற்கும் என்னிடமே கேள்வி கேட்பாயா?

சங்கக் கட்டடத்தில் உன் படத்தை மாட்ட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். படத்துக்குக் கீழே எழுத வாசகம் கேட்டார்கள். அவர்களே ஒன்று எழுதியும் வைத்திருந்தார்கள்: 'சங்கச் செயலாளரின் தங்கை, தியாகி.' நான் வேண்டாம் என்றேன். அவள் தியாகம் எதுவும் செய்யவில்லை, அவளுக்குப் பிடித்ததைச் செய்தாள் என்றேன். அப்படியானால் என்ன எழுதுவது என்றார்கள். ஆட்டக்காரி என்று எழுதுங்கள் என்றேன். கூட்டம் நெளிந்தது. அந்தச் சொல்லை ஊரில் எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொன்னவர்களில் சிலர் அந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் வாதாடினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன், ரூத்து. இனி அவர்கள் ஆடுகிற இடத்தில் மைக்கைக் கையில் எடுக்கமாட்டேன். எந்தத் தலைவர் வந்தாலும் நடுவில் நிறுத்தவிடமாட்டேன். தரையில் உட்கார்ந்து கடைசிவரை பார்ப்பேன். பக்கத்தில் இருப்பவர் யார் இந்தப் பெண்கள், யார் இதை ஆரம்பித்தது என்று கேட்டால், உன் பெயரை மட்டும் சொல்வேன். அதற்கும் மேல் கேட்டால், நான் யார் என்பதையும் சொல்வேன்.

இப்படிக்கு,
ஆட்டக்காரி ரூத்தின் அண்ணன்,
சாமுவேல்
மீஞ்சூர்